யாரைப் பூட்டுவது?

"மிகுபுனைவா? வேண்டாம் மேடம், எனக்கு யதார்த்தம்தான் பிடிக்கும்." ஒவ்வோர் ஆண்டும் மாணவிகள் சொல்வது இது. தோழிகளும் இதையேதான் சொல்கிறார்கள். மந்திரமும் மாயமும் சிறுபிள்ளைகளுக்கு. பெண்ணெழுத்து என்றால் அடுப்படி, உடம்பு, கண்ணீர். இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்தது? வலியை நம் பங்காகத் தந்துவிட்டு, கற்பனை முழுவதையும் ஆண்கள் பேருக்கு எழுதிவைத்தது யார்?

அவர்களிடம் நான் நீட்டுவது ரொகேயா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு'. பர்தாவுக்குள் வளர்ந்த வங்காள முஸ்லிம் பெண் ஆங்கிலத்தில் எழுதிய கதை. 1905இல் அது முதலில் அச்சேறியது நம் மதராசில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். சின்னக் கதைதான். தாம்பரத்தில் மின்சார ரயிலேறினால் கடற்கரை நிலையம் வருவதற்குள் முடித்துவிடலாம்.

அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், புகையில்லை, கரியில்லை. மேகத்திலிருந்தே நீர் இறக்குகிறார்கள். பறக்கும் ஊர்தியில் போகிறார்கள். தெருவில் நடக்கக் கூசும் சுல்தானாவைப் பார்த்து அங்குள்ள பெண்கள் சிரிக்கிறார்கள், ஆம்பளை மாதிரிக் கூச்சப்படுகிறாளே என்று.

"ஆண்களை அடைத்துவைப்பது மட்டும் நியாயமா மேடம்?" என்று வகுப்பில் கேட்பார்கள். நியாயமில்லைதான். அது உடனே தெரிகிறதல்லவா? பெண்களை அடைத்தபோது ஏன் தெரியவில்லை? தெருவில் ஆண்கள் திரிவதை, சந்தைக்குள் காட்டு மிருகம் புகுவதோடு ஒப்பிடுகிறாள் கதையில் வரும் சாரா. அப்படியானால் மிருகத்தைப் பிடிப்பீர்களா, காய் வாங்க வந்தவளைப் பூட்டுவீர்களா?

எங்கள் பக்கத்து மகளிர் விடுதி ஒன்றில் மாலை ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறார்கள். பாதுகாப்பாம். ஜிஎஸ்டி சாலை டீக்கடை வாசலில் ஆண்கள் எத்தனை மணி வரையும் நிற்கலாம். இதை உள்ளபடி எழுதினால் "பாவம்தான்" என்று தலையாட்டுவார்கள். பூட்டு அப்படியே தொங்கும். அதைக் கழற்றி எதிர்வீட்டுக் கதவில் மாட்டிக் காட்டினால்தான், அது பூட்டு என்றே பலருக்கு உறைக்கிறது. ரொகேயா செய்தது அதைத்தான்.

போன வாரம் அந்த விடுதிப் பெண் ஒருத்தி கதையின் நகலை வாங்கிக்கொண்டாள். மணி ஆறே முக்கால். கேட் மூடுமுன் போகணும் மேடம் என்று ஓடினாள். யதார்த்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும். இனி இதையும் வாசிக்கட்டும்.