நில ஒருங்கிணைப்புச் சட்டம்: செயற்குழுவின் நிலைப்பாடு



தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கானது) சட்டம், 2023 பற்றி நம் சங்கம் ஏன் வாய் திறக்கவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ரமணாசிரமத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு அரசியல் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. இரு தரப்பும் செயற்குழுவில் இருக்கிறோம். பேசிப் பேசி ஒத்துப்போன இடங்களை மட்டும் இங்கே தருகிறோம். எந்தக் கட்சியையும் ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இந்த அறிக்கையின் நோக்கமல்ல. தொழிற்சாலை வேண்டாம் என்பதும் நம் கருத்தல்ல. செய்யாறு சிப்காட் காலணி ஆலைச் சம்பளத்தில் ஓடும் குடும்பங்கள் இந்தத் திருவண்ணாமலை மாவட்டம் முழுக்க இருக்கின்றன.

கவுத்தி-வேடியப்பன் மலைக் கதையை உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஜிண்டால் குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து இரும்புத்தாது வெட்ட வந்தபோது, எவ்வளவு காடு போகும் என்பது தாளில் இருந்தது: 325 ஹெக்டேர். 2008 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஊர்க்காரர்கள் நேரில் வந்து வேண்டாம் என்றார்கள். கேட்பவர் யார், கேட்பது என்ன என்று தெரிந்ததால்தான் எதிர்க்க முடிந்தது. இப்போது அந்த வாய்ப்பே சுருங்கி வருகிறது.

2023 ஏப்ரல் 21, சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று நிறைவேறிய மசோதாக்களில் இரண்டை உறுப்பினர்கள் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். தமிழகத்துக்கு முதலீடு கொண்டுவரும் நிறுவனங்கள் வேலை நேரத்தில் நெகிழ்வு கேட்கின்றன என்று அமைச்சர் தரப்பே விளக்கம் தந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகம் இதே போன்ற திருத்தம் கொண்டுவந்ததன் பின்னால் ஆப்பிள், ஃபாக்ஸ்கான் நிறுவனங்களின் முயற்சி இருந்ததாக ஃபைனான்சியல் டைம்ஸ் எழுதியிருந்தது. இங்கே கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று முதல்வரே திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

இன்னொன்று நில ஒருங்கிணைப்பு மசோதா. விவாதமே இல்லாமல் நிறைவேறி, ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதலும் பெற்றுவிட்டது. தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. ஏரிக்கு இல்லை.

இந்தச் சட்டப்படி, 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு திட்டத்தின் நிலத்துக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ குறுக்கிட்டால், அரசு அதைச் சிறப்புத் திட்டம் என்று அறிவித்து, அந்தப் புறம்போக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். நீர்நிலைக்குப் பதில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். நிபுணர் குழு உண்டு, கருத்துக் கேட்பு உண்டு, கொள்ளளவு குறையாது என்று அரசுத் தரப்பிலிருந்து பதில் வருகிறது. மரியாதையோடு சொல்கிறோம், கொள்ளளவு என்ற அந்த ஒரு சொல்லை நம்பி ஏரியைக் கொடுக்க முடியாது. ஏரி என்பது தண்ணீர் நிற்கிற குழி மட்டுமல்ல. மேலே நீர்ப்பிடிப்பு, அங்கிருந்து வரத்துக் கால்வாய், கரை, மதகு, மிஞ்சியதை அடுத்த ஏரிக்கு அனுப்பும் கலங்கல், மதகுக்குக் கீழே ஆயக்கட்டு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரின் போக்கைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் இருக்கிறது. ஏரியை அரை மைல் தள்ளித் தோண்டிக் கொடுத்தால் கொள்ளளவு சரியாகவே இருக்கும். வரத்துக் கால்வாய் பழைய இடத்துக்கே வந்து சுற்றுச்சுவரில் முட்டி நிற்கும். ஆயக்கட்டு விவசாயியின் வயல் புது ஏரியை விட மேட்டில் இருக்கும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள ஏரிகளும் காயும், அல்லது எதிர்பாராமல் உடையும். இதைச் சொல்லப் பொறியாளர் வேண்டாம். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகப் பார்க்கிறது என்று நின்று கவனித்த எவரும் சொல்வார்கள்.

குழுவில் சிலர் மேலுள்ள பத்தி கடுமையாக இருப்பதாகக் கருதினார்கள். அடுத்த வரியை நீக்கவும் கோரினார்கள், பெரும்பான்மை ஒப்பவில்லை. ஓடைக்கரையில் ஏழை குடிசை போட்டால் அது ஆக்கிரமிப்பு, 250 ஏக்கர் கேட்பவர் ஓடையையே கேட்டால் அது சிறப்புத் திட்டம்.

செய்யாறு பக்கத்து மேல்மாவின் நிலப் போராட்டத்தை இதனோடு சேர்த்துப் பேசலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் எடுப்பதை எதிர்த்து அங்கே 2023 ஜூலை முதல் போராடியவர்களில் ஏழு பேர் மீது நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. ஆறு பேர் மீதானதைச் சில நாளிலேயே அரசு திரும்பப் பெற்றது. அந்த நிலம் எடுப்பு சரியா தவறா என்பதில் இப்போதைக்கு நாம் கருத்துச் சொல்லவில்லை. ஆனால் நிறுவனத்தின் கோரிக்கை கோட்டையில் நாற்காலி போட்டுக் கேட்கப்படுகிறது, விவசாயியின் கோரிக்கை சிறைக்கு அனுப்பப்படுகிறது என்றால், கொள்கையை யார் எழுதுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நிறுவனங்கள் கட்சிகளுக்குத் தர மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்று இருந்த வரம்பு 2017-ல் நீக்கப்பட்டது. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த பிறகுதான் கணக்கு வெளியே வந்தது: பா.ஜ.க. பெற்றது 6,000 கோடிக்கும் மேல், தி.மு.க. பெற்றது 656.5 கோடி, அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து. லாட்டரிக்கு 2003 முதல் தடை உள்ள மாநிலம் இது. இந்தத் தொகைக்கு என்ன கைமாறு என்று நாம் சொல்லவரவில்லை. சும்மா கொடுத்தார்கள் என்று நம்பும்படி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

தொழிலதிபர்கள் அமைச்சரைச் சந்திப்பது குற்றமல்ல. நாமும்தான் மனுவோடு போகிறோம். நம் மனுவுக்கு வரிசை எண் விழுகிறது, அவர்கள் பேச்சுக்குப் பதிவே இல்லை. அமெரிக்காவில் 1995 சட்டப்படியும், ஸ்காட்லாந்தில் 2016 சட்டப்படியும் இத்தகைய பேச்சுகளுக்குப் பொதுப் பதிவேடு இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை.

ஆகவே நம் சங்கம் கோருவது இது. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும். அது உடனே இயலாது என்று அரசு கருதினால், நீர்நிலை, ஓடை, வாய்க்கால் புறம்போக்குகளையாவது அதிலிருந்து விலக்க வேண்டும். (இந்த இரண்டாம் பாதி சமரசம். முதல் பாதியே எங்களில் பலரின் கருத்து.) அமைச்சர்களும் துறைச் செயலாளர்களும் எந்த நிறுவனத்தை, எந்தத் தொழில் கூட்டமைப்பை, எதற்காகச் சந்தித்தார்கள் என்பதை மாதந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும். சட்ட வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-ல் வகுத்த நடைமுறையை, அங்கே சரியாகப் பின்பற்றாவிட்டாலும், தமிழகம் சட்டமாகவே ஆக்க வேண்டும்.

நம் உறுப்பினர்களிலும் மனை வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஓடையை மறித்துப் போட்ட மனைப்பிரிவுக்கும் இதே நிலைப்பாடுதான் என்பதை அவர்களும் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள ஏரி, ஓடை, வாய்க்காலின் சர்வே எண், பரப்பு ஆகியவற்றைத் தாலுகா அலுவலகத்தில் ‘ஏ’ பதிவேட்டு நகலோடும் புல வரைபடத்தோடும் வாங்கிச் சங்கத்திடம் கொடுங்கள். கிராம சபை உள்ள ஊர்களில் நிலம் வைத்திருப்பவர்கள், அடுத்த கிராம சபையில் அந்த எண்களை வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.