முதியோர் வீட்டு வியாபாரத்தை விடலாமா?



தமிழகத்தில் பிள்ளைப்பேறு குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஒரு தாய்க்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள்தான். மக்கள் தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். 2011-ல் நூற்றுக்குப் பத்துப் பேராக இருந்த 60 வயது கடந்தோர், 2031-ல் பதினெட்டுப் பேராவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு.

இதில் மளிகைக் கடைக்காரருக்கு என்ன கணக்கு? எங்கள் வில்லாபுரத்தையே பாருங்கள். ஆறு பேர் சாப்பிட்ட வீட்டில் இன்று அப்பாவும் அம்மாவும் மட்டும். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில். சிப்பமாக அரிசி வாங்கிய வீடு இப்போது ஐந்து கிலோ கேட்கிறது. "சின்ன வியாபாரம்" என்று நாம் முகம் சுளித்தால் நஷ்டம் நமக்குத்தான். பென்ஷன் வரும் வீடு மாதம் தவறாமல் வாங்கும். எளிதில் கடை மாற்றாது.

ஜப்பானில் மக்கள் தொகை 2008-க்குப் பின் குறையத் தொடங்கியது. ஊர்க்கடைகள் மூடியதால் முதியோர் அரிசி, காய்கறிக்கே தவித்தனர். 2012-ல் 'தொகுஷிமாரு' என்ற பெயரில் சிறு வண்டிகள் சரக்கேற்றி வீட்டு வாசலுக்கே போகத் தொடங்கின. பொருளுக்குச் சில யென் கூடுதல். முதியோர் மகிழ்ந்து கொடுக்கிறார்கள்.

நம் அரசும் 2025 ஆகஸ்டில் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கி, 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே அனுப்பியது. ஆன்லைன் கம்பெனிகளோ, பெங்களூர் மகன் கைபேசியில் அழுத்தினால் மதுரை அம்மாவுக்குச் சரக்கு இறக்குகின்றன. நாம் மட்டும் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கலாமா?

செய்ய வேண்டியவை பெரிதல்ல. போனில் பட்டியல் வாங்கி, பையனிடம் கொடுத்தனுப்புங்கள். பில்லைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கடைவாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். மகனுக்கு வாட்ஸ்அப்பில் பில் அனுப்பினால், அவர் பணம் நம் கணக்குக்கும் வரும். முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய ஐந்து கிலோ அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, சிப்பத்தைப் பிரித்துக் கண்ணெதிரே நிறுத்துக் கொடுத்தால் இல்லை. இந்த அனுகூலம் சில்லறைக் கடைக்கே உரியது.

மொத்த வியாபாரிகளான நாங்களும் மாற வேண்டும். பருப்பும் மிளகாயும் மூட்டையாகத்தான் தருவோம் என்று பிடிவாதம் பிடித்தால், சிறு கடைக்காரர் கையில் சரக்கு தேங்கி வண்டு விழும். அரை மூட்டை, கால் மூட்டையாகவும் கொடுப்போம்.

வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. நம்மால் முடியும். அந்த உறவுதான் நமக்கு முதல்.