கணக்கு முடங்கினால் காரணம் கேளுங்கள்

சிதம்பரம் கவரிங் நகைகளை இன்ஸ்டாகிராமில் விற்கும் சிறு வியாபாரிக்கும், அண்ணாமலை நகர் விடுதியில் இருந்தபடி வேலை தேடும் பல்கலைக்கழக மாணவருக்கும் சமூக ஊடகக் கணக்கு இன்று பிழைப்போடு சேர்ந்தது. செயல்பாடு தற்காலிகமாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரியில் அது நின்றுபோவது நியாயமில்லை. குறுகிய நேரத்தில் நிறையப் பேரைப் பின்தொடர்ந்தாலோ, ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பினாலோ தானியங்கி முறை அதை ஸ்பாம் என்று கருதிவிடலாம். மோசடியைத் தடுக்க அந்தக் காவல் வேண்டும்தான். காரணம் சொல்லாத தண்டனை எதற்கு?

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியே முறையிடலாம். 2023 மார்ச் முதல் இந்த வழி திறந்திருக்கிறது. 2025 அக்டோபரில், ஒருவரின் வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்டது பற்றிய மனு வந்தபோது, ‘அரட்டை’ செயலியைப் பயன்படுத்தலாமே என்றது உச்ச நீதிமன்றம். மாற்றுச் செயலி நல்லதுதான். ஆனால் வருடக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர்கள் கூடவே வந்துவிடுவதில்லை.

தடை வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முறைப்படி மேல்முறையீடு செய்யுங்கள். பணம் கொடுத்தால் திறந்து தருகிறோம் என்பவர்களிடம் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுக்காதீர்கள். எந்தச் செயலுக்காக, எத்தனை நாள் தடை என்பதை நிறுவனங்கள் தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.