வலுவான மருந்தா? சரியான மருந்தா?

"டாக்டரய்யா! இருக்கதிலேயே வலுவான ஊசியாப் போடுங்க. ரூவா எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல!"

நெல்லைச் சீமையில் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அடிக்கடி கேட்கும் குரல் இது. ஆலங்குளத்துக்காரரும் இப்படித்தான் கேட்கிறார். அம்பாசமுத்திரத்துக்காரரும் இப்படித்தான் கேட்கிறார். பெற்ற தாய் கட்டிலில் கிடக்கும்போது மகன் வேறு எப்படிக் கேட்பான்? அவன் பாசத்தில் குறை இல்லை. கேள்வியில்தான் பிழை இருக்கிறது.

எல்லாக் கிருமிகளையும் கொல்லும் மருந்து என்று ஒன்று கிடையாது. நோயாளியின் உடம்பில் இருக்கும் கிருமி எந்த மருந்துக்குச் சாகுமோ, அதுதான் அவருக்கு நல்ல மருந்து. மருந்தின் விலை பத்து ரூபாயா, ஆயிரம் ரூபாயா என்று கிருமி பார்ப்பதில்லை!

ஆஸ்பத்திரிக் கிருமி

ஒருவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடக்கிறது. நல்லபடியாக முடிகிறது. நாலாம் நாள் குளிர் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் சீழ். வீட்டிலிருந்து வரும்போது இல்லாத கிருமி, ஆஸ்பத்திரியில் வந்து ஒட்டிக்கொண்டது. புண் வழியாக வரலாம். மூத்திரக் குழாய், மூச்சுக் குழாய் வழியாக வரலாம். கழுவாத கை வழியாகவும் வரலாம்.

இந்தக் கிருமிகள் பொல்லாதவை. ஏன்? வயலில் ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும்? சாகிற பூச்சி செத்துவிடும். சாகாத பூச்சி குஞ்சு பொரிக்கும். அப்புறம் வயல் முழுவதும் மருந்துக்குச் சாகாத பூச்சிதான்! கிருமியின் கதையும் அதுவே. பல மருந்துகள் புழங்கும் ஆஸ்பத்திரியில், அவற்றுக்குத் தப்பிய கிருமிகள் பெருகுகின்றன.

பெனிசிலினை 1928-ல் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். 1945-ல் அவர் நோபல் பரிசு பெற்றார். அப்போதே அவர் எச்சரித்தார். மருந்தை அளவு குறைத்துத் தின்றால், கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்றார். உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2010-ல் நம் தமிழ்நாடே விழித்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு நிபுணர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கடைசிக் கையிருப்பாக டாக்டர்கள் வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் எதிர்க்கும் கிருமிகள் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்தன. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடல்பாசியில் ஒரு சோதனை

எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் 'கல்ச்சர்' சோதனை.

நோன்பு காலத்தில் மேலப்பாளையத்து வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவார்கள் அல்லவா? அதே கடல்பாசிச் சத்தை இறுக வைத்து, கிருமிக்கு வேண்டிய தீனியையும் கலந்து, வட்டத் தட்டில் ஊற்றிவைப்பார்கள். இந்த யோசனையைச் சொன்னது ஒரு குடும்பப் பெண்! ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் சோதனைச்சாலையில் வேலை செய்தவர் வால்தர் ஹெஸ்ஸே. அவருடைய மனைவி பான்னி ஹெஸ்ஸே, தம் சமையலறைப் பழக்கத்தை வைத்து 1881-ல் இதைச் சொன்னார்.

நோயாளியின் சீழையோ சளியையோ மூத்திரத்தையோ அந்தத் தட்டில் தடவி, உடம்புச் சூட்டில் வைப்பார்கள். மறுநாள் கிருமி புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அதை எடுத்து வேறொரு தட்டில் பரப்புவார்கள். அதன்மேல் சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. அடுத்த நாள் பார்த்தால், சில வில்லைகளைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாக வெளுத்திருக்கும். சிலவற்றைச் சுற்றி வட்டமே இராது. வட்டத்தை அளவுகோலால் அளந்து, 'இந்த மருந்து கேட்கும், இது கேட்காது' என்று எழுதிக் கொடுப்பார்கள். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

"அதுவரை நோயாளி சும்மா கிடப்பதா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆபத்தான நிலையில் டாக்டர் காத்திருக்க மாட்டார். முதலில் மாதிரி எடுப்பார். உடனே, அனுபவத்தை வைத்து ஒரு மருந்தைத் தொடங்குவார். சோதனை முடிவு வந்ததும் மருந்தை மாற்றுவார், அல்லது நிறுத்துவார். மருந்து கொடுத்தபின் மாதிரி எடுத்தால் கிருமி தட்டில் முளைக்காமல் ஏமாற்றிவிடலாம். ஆகவே மாதிரி முந்த வேண்டும். மருந்து பிந்த வேண்டும்.

இந்தச் சோதனையால் ஒரு நோயாளிக்கு மட்டுமா லாபம்? ஒரே வார்டில் மூன்று பேருக்கு ஒரே கிருமி என்று தெரிந்தால், எங்கோ கை கழுவவில்லை, ஏதோ கருவி சுத்தமில்லை என்று பிடித்துவிடலாம். நாலாவது ஆள் தப்புவார்.

நாம் செய்ய வேண்டியது

"வலுவான ஊசி போடுங்க" என்று இனி நச்சரிக்காதீர்கள். "கல்ச்சர் எடுத்தாச்சாய்யா? முடிவு என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் கொண்டு போங்கள். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுங்கள். சளிக்கும் ஜலதோஷத்துக்கும் மருந்துக்கடையில் நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். ஜலதோஷத்தைக் கொண்டுவருவது வைரஸ். அதை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையில் 1965-ல் மருத்துவக் கல்லூரி வந்தது, நம் சீமைக்குக் கிடைத்த பாக்கியம். ஆனால் பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை, தாமிரபரணிக் கரையின் எந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கும் இந்தச் சோதனை தாமதமின்றிக் கிட்ட வேண்டும். மாதிரியை எடுத்துப் பெரிய சோதனைச்சாலைக்கு அன்றே அனுப்பி, முடிவை டெலிபோனில் சொன்னால் போதும். உயிர் பிழைக்கும்.

புது மருந்து கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதைக் கெடுக்கச் சில ஆண்டுகளே போதும். கையில் இருக்கும் மருந்து நம் பேரன் பேத்திகளுக்கும் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கல் எறியாமல், குறி பார்த்து எறிவோம்!