எடை மெஷின் சொல்லாத சேதி

ஆர்மி ரேலி வருகிறது என்றால் நம்ம ஹாஸ்டலில் வாழைப்பழத்துக்குக் கிராக்கி! எடை குறைவானவன் டஜன் கணக்கில் தின்று, வயிறு முட்டத் தண்ணீரும் குடித்துவிட்டு மெஷினில் ஏறுவான். உடம்பு கொஞ்சம் கூடினவனோ இரண்டு நாள் பட்டினி. அப்புறம் ஓட்டத்தில் வாந்தி, மயக்கம். இதெல்லாம் எதற்கு? ஒரு முள் நகர்வதற்கு!

ஒர்க்‌ஷாப்பில் ஒரே சைஸில் அலுமினியக் கட்டையும் இரும்புக் கட்டையும் எடுத்துப் பாருங்கள். எடை ஒன்றா? உடம்பும் அப்படித்தான். கொழுப்பின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, சுமார் 0.9. தசை, எலும்பு எல்லாம் சேர்ந்த மற்ற பாகம் சுமார் 1.1. ஆளை நிறுத்தி எடை போடும் மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

1942-இல் அமெரிக்கக் கடற்படை டாக்டர் ஆல்பர்ட் பென்கேயும் கூட இருந்தவர்களும் அந்நாட்டுக் கால்பந்து வீரர்கள் 25 பேரைத் தண்ணீருக்குள் அமுக்கி எடை போட்டார்கள். நம்ம ஆர்க்கிமிடிஸ் தத்துவமேதான்! உயரம்-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்கு லாயக்கில்லை. தண்ணீர் சொன்னதோ வேறு. அந்தப் பதினேழு பேரில் பெரும்பாலோருக்குக் கூடுதல் எடை கொழுப்பே அல்ல, தசை!

பிறகு அமெரிக்கத் தரைப்படையில் டேப் வந்தது. ஆண்களுக்குக் கழுத்தையும் வயிற்றையும் அளந்து கொழுப்பைக் கணக்கிடுவார்கள். கழுத்து பெருத்தால் கணக்கில் கொழுப்பு குறையும்! (வேடிக்கைதான்.) 2023-இல் தொப்புள் மட்டத்தில் ஒரே அளவு போதும் என்று மாற்றினார்கள். அதே ஆண்டில், உடல்தகுதித் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 80-க்குக் குறையாமல், மொத்தம் 600-க்கு 540 எடுத்தவரை டேப் தடுக்காது என்றும் அறிவித்தார்கள். அதுதான் நியாயம்.

எங்க அப்பா நெல் மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை, எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவைப் பார்த்தால் எலும்பும் நரம்பும்தான் தெரியும். ஆனால் மூட்டையோடு பலகையில் ஏறி லாரிக்குள் போய்விடுவார். எந்த அட்டவணை அவரைப் பாஸ் போடும்?

எடையே பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடையில் தள்ளப்படுகிறவனுக்கு டேப்பும் ஓட்டமும் இன்னொரு வாய்ப்பாக இருக்கணும். நம்ம ஊர் ரேலியில் மார்பு 77 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரியணும். இது வாழைப்பழத்தால் வராது; மாசக்கணக்கில் தினம் ஓடினால், தண்டால் எடுத்தால் வரும். நம்ம பி.டி. சார் எடை மெஷின் பக்கத்திலேயே ஒரு தையற்காரர் டேப்பையும் தொங்கவிட்டால் நன்றாக இருக்கும். ரேலிக்கு மூணு மாசம் முன்னாடியே அளந்து, பேரோடு நோட்டில் எழுதி வைக்கலாம். எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.