திறக்காத சிப்பியும் 'புரொஃபஷனல்' கிளாரினெட்டும்

எங்க அக்கா மகன் ஒரு பேண்ட் செட்ல கிளாரினெட் வாசிக்கிறான். சப்பரம், கல்யாணம், துட்டி வீடுன்னு எல்லாத்துக்கும் போவான். வாசிப்பு நல்லா ஏறி வருது, ஒரு நல்ல வாத்தியம் இருந்தா சென்னை வரைக்கும் போகலாம்னு ஆசை. அக்கா வளையலைக் கழட்டிக் கொடுத்தா. பய என்னையும் கேக்கல, வாத்தியாரையும் கேக்கல. இணையத்துல 'புரொஃபஷனல், எபோனி மரம்'னு போட்டிருந்த ஒண்ணை ஆர்டர் பண்ணிட்டான்.

பெட்டியைத் திறந்தா பெயிண்ட் வாசம். கீழ் ஸ்வரங்கள்ல சத்தத்தை விட காத்துதான் அதிகம். திருப்பி எடுத்துக்கோங்கன்னா, 'பெட்டி பிரிச்சாச்சே'ன்னு பதில். ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேத்தத்துக்கு, கீயில ரப்பர் பேண்டு சுத்தின பழைய வாத்தியத்தை இரவல் வாங்கித்தான் ஊதினான். "விடுங்க மாமா, ஊதுனா சரியாயிரும்"னான். சரியாகாதுலே மக்கா.

இதுல எனக்கு வருத்தம் என்னன்னா, இந்தக் கடற்கரைக்காரன் இப்படி ஏமாறக் கூடாது. முத்துக்குளிப்பு நடந்த காலத்துல சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்குல ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா, வெறும் சதையான்னு வாங்கினவனுக்கே தெரியாது. ஆனா குளிப்பு நடத்தறதுக்கு முன்னால அரசாங்கம் என்ன பண்ணும் தெரியுமா? பாருக்கு ஆள் அனுப்பி, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, திறந்து, முத்தை மதிப்புப் போட்டுப் பார்க்கும். தேறும்னாதான் குளிப்பு. கடைசிக் குளிப்பு 1961ல நடந்தது. அந்தச் சூதாட்டத்துக்கே மாதிரி பார்த்தாங்க. நாம லட்ச ரூபாயை ஊதிப் பார்க்காம கொடுக்கிறோம்.

அதனால என் கட்சி ஒண்ணே ஒண்ணு. ஊதிப் பார்க்காத கிளாரினெட்டை வாங்காதீங்க, அது எந்தப் பெரிய கம்பெனியா இருந்தாலும் சரி.

முதல் கேள்வி, எந்த சிஸ்டம்? நம்ம ஊர் பேண்டுலயும் கர்நாடக சங்கீதத்துலயும் ஆல்பர்ட் சிஸ்டம் ரொம்ப நாளா புழங்குது. கீ கம்மி, விரலை வழுக்கி கமகம் பிடிக்க வசதி. பெரிய கம்பெனிகளோட புரொஃபஷனல் மாடல் பெரும்பாலும் போம் சிஸ்டம். 1955ல வந்த பஃபே கிராம்போன் ஆர் 13 மாதிரி பேர் பெத்த மாடலை வாங்கினாலும், ஆல்பர்ட்ல படிச்சவன் விரலை முதல்லேருந்து பழக்கணும். சர்ச் கொயர், மேல்நாட்டு இசைன்னா பி ஃபிளாட் போம் வாங்கலாம். ஏ.கே.சி. நடராஜன் (2022ல பத்மஸ்ரீ வாங்கினவர்) வழியில போகணும்னா குருவைக் கேக்காம பர்ஸைத் திறக்கக் கூடாது.

ரெண்டாவது, மரம். 'மரம்னாதான் புரொஃபஷனல்'னு ஒரு கூட்டம் அடிச்சுச் சொல்லும். நல்ல கிளாரினெட்டுக்கு ஆகிற கிரெனடில்லா மரம் தான்சானியா, மொசாம்பிக் பக்கத்துலேருந்து வருது. தண்ணியில போட்டா முங்கிடும், அவ்வளவு கனம். ஆனா ஜான் பேக்கஸ்ங்கிற இயற்பியலாளர் 1964லயே சோதிச்சுப் பார்த்து, குழல் சுவரோட அதிர்வு ஒலியைப் பெருசா மாத்தலைன்னு எழுதிட்டார். உள்துளையோட அளவு, ஓட்டைகளோட விளிம்பு, பேட் மூடுற சுத்தம், மௌத்பீஸ், இதெல்லாம்தான் விஷயம். மேல்தட்டு மாடல்ல இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்றாங்க, காசு அதுக்குத்தான்.

உள்ளே ஈர மூச்சு, வெளியே வெயில்னு இருந்தா புது மரம் வெடிக்கும். ஆகஸ்ட் வெயில்ல சப்பரத்துக்கு முன்னால நடந்துக்கிட்டே ஊதறவனுக்கு இது பெரிய பயம். என்னைக் கேட்டா, ரோட்டுல ஊத பிளாஸ்டிக் உடம்பு (யமஹா 255 மாதிரி) ஒண்ணு, உள்ளே ஊத மரம் ஒண்ணு. ஒண்ணுதான் முடியும்னா, மரத்தூளைக் கார்பன் நாரோட அழுத்திச் செய்ற பஃபே கிரீன்லைன் மாதிரி எதையாவது பார்க்கலாம். வெடிக்கிற பயம் ரொம்பக் கம்மி. விலை மட்டும் லட்சங்கள்லதான்.

எங்கே வாங்குறது? முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலையில எழும்பூர். அண்ணா சாலையில 1842லேருந்து இருக்கிற மியூசி மியூசிக்கல் மாதிரி கடைக்கு முன்கூட்டியே போன் போட்டு, 'எந்த மாடல் கைவசம் இருக்கு, ஊதிப் பார்க்க விடுவீங்களா'ன்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. மீரட்ல பேண்டு வாத்தியம் செய்ற பட்டறைகள் நிறைய, நாதிர் அலி கம்பெனி 1885லேருந்து இருக்கு. சிக்கனமா முடிக்கணும்னா அந்தப் பக்கம். நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் கப்பல்ல இருப்பாங்க, வெளிநாட்டுல வாங்கிட்டு வரச் சொல்லலாம். ஆனா பில்லும் கஸ்டம்ஸ் வரியும் கணக்குல இருக்கணும். கிரெனடில்லாவுக்கு 2017ல வந்த சர்வதேசக் கட்டுப்பாட்டுலேருந்து முழுசாச் செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு 2019 நவம்பர்ல விலக்கு கொடுத்துட்டாங்க, அந்த பயம் வேண்டாம்.

கடையில என்ன பார்க்கணும்? உங்க மௌத்பீஸ், உங்க ரீடையே கொண்டு போங்க. ஒவ்வொரு துண்டாக் கழட்டி, ஓட்டையெல்லாம் விரலால மூடி, அடியை உள்ளங்கையால அடைச்சு, மேல்வாய்ல காத்தை உறிஞ்சுங்க. பிடிப்பு நிக்கணும். நிக்கலைன்னா பேடு ஒழுகுது. மேல் துண்டோட விளிம்பு, ஓட்டைகளைச் சுத்தி விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. அப்புறம் முக்கியமான பரிட்சை. புல்லாங்குழல் மேலே தாவினா அதே ஸ்வரம் மேல் ஸ்தாயில வரும். கிளாரினெட் 12ஆவது ஸ்வரத்துக்குத் தாவும், கீழ் ஸ பிடிச்சா மேல் ஸ்தாயி ப. போன்ல ட்யூனர் வச்சு ரெண்டையும் ஒப்பிடுங்க. உள்துளை சரியில்லாத வாத்தியம் இங்கேதான் மாட்டும்.

கையில இருக்கிற காசு மொத்தத்தையும் குழலுக்கே கொட்டாதீங்க. நல்ல மௌத்பீஸ், ஒரு பெட்டி ரீடு, வருஷத்துக்கு ஒரு தடவை ரிப்பேர், இதுக்கு ஒரு பங்கை எடுத்து வச்சுட்டு மிச்சத்துல வாங்குங்க. உப்புக்காத்துல ஊசி ஸ்பிரிங் துருப்பிடிக்கும், தினம் துணியால துடைக்கணும். புது மரம்னா முதல் ரெண்டு வாரம் நாளைக்கு 15, 20 நிமிஷத்துக்கு மேல ஊதக் கூடாது.

பேண்டுக்காரனுக்கு எதுக்கு இவ்வளவு விலையில வாத்தியம்னு எங்க சொந்தத்துலயே ஒருத்தர் கேட்டார். அண்ணாச்சி, வாசிச்சுச் சோறு திங்கிறவன்தானே புரொஃபஷனல்? டீக்கடை பெஞ்சுல உக்காந்து கருத்து சொல்ற நானும் நீங்களுமா?

அடுத்த மாசம் பயலைக் கூட்டிக்கிட்டு ரயில் ஏறப் போறேன். அக்கா வளையல் இன்னும் அடகுலதான் இருக்கு, இந்தத் தடவை செலவு மாமாவோடது. மதுரைக்குத் தெற்கே நல்லா பேடு மாத்தத் தெரிஞ்ச ரிப்பேர்காரர் யாரையாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல ஊரை மட்டும் சொல்லுங்க மக்களே. ரயில் டிக்கெட்டை விட எனக்கு அதுதான் இப்போ முக்கியம்.