துறைமுகத்துப் பாட்டும் நம் செவியும்

திருகோணமலைக்கு மேனாட்டு இசை புதியதன்று. பிரித்தானியக் கடற்படையினர் 1957ஆம் ஆண்டிலே தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைக்கும் வரை, அவர்தம் வாத்திய ஒலியோடு வளர்ந்தது இவ்வூர். அமெரிக்கரும் இத்துறைக்கு அயலாரல்லர். 1944இல் 'சரடோகா' என்னும் அவர்தம் விமானந்தாங்கிக் கப்பல் இங்கு தங்கியே, ஏப்ரல் மாதத்திற் பிரித்தானியக் கப்பல்களோடு சுமாத்திராவின் சபாங் துறையைத் தாக்கச் சென்றது. 2018இல் அதே நாட்டின் 'மேர்சி' என்னும் வெண்ணிற மருத்துவக் கப்பல் வந்தபோதோ, உடன்வந்த வாத்தியக் குழுவினர் நம் மக்கள் முன்னிலையில் இசைத்தனர். போருக்கு வந்த கப்பலினும் பாட்டோடு வந்த கப்பல் நன்று.

இத்தகைய ஊரிலே, பழைய அமெரிக்கப் பாடல்களைப் பியானோவும் குரலுமாக வழங்கும் ஒரு நிகழ்ச்சியை நம் கல்லூரி மண்டபத்தில் நடத்தலாமா என்று வினவின், 'இந்துக் கல்லூரிக்கு இது தகுமோ?' என்பாரும் உளர். தகும் என்பதே எம் துணிபு.

யாம் கூறுவது இக்காலத்து இரைச்சலையன்று. ஏறத்தாழ 1920 முதல் 1950 வரை நியூயோர்க் நாடக மேடைக்கும் ஹொலிவூட் படத்துக்கும் இயற்றப்பட்ட பாடல்களையே குறிக்கின்றோம். அவற்றை ஆக்கியோருட் பலர் குடியேறிய ஏழைகளின் மக்கள். ருசியப் பேரரசிற் பிறந்து ஐந்து வயதில் அமெரிக்கா சேர்ந்த யூதரான இர்விங் பேர்லின், இசைக்குறி வாசிக்கக் கல்லாதவர்; பெரும்பாலும் பியானோவின் கறுப்புக் கட்டைகளிலேயே வாசித்தவர். ஜோர்ஜ் கேர்ஷ்வினின் பெற்றோரும் ருசியாவிலிருந்து வந்தவரே. கறுப்பின மக்களின் இசையே இப்பாடல்களுக்கு உரமூட்டியது என்பதையும் மறத்தலாகாது.

இவற்றின் அமைப்பு மிகச் சிறியது. பெரும்பாலானவை 32 தாள அளவைகளுள் முடிவன. எட்டெட்டாக நான்கு பகுதி. முதலிரு பகுதியும் ஒரே மெட்டு, மூன்றாவது வேறு, நான்காவது மீண்டும் முதன்மெட்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பழகிய நமக்கு இதனை விளங்கிக்கொள்ளல் அரிதன்று. ஹரோல்ட் ஆர்லன் 1939இல் ஒரு திரைப்படத்துக்கு இசையமைத்த 'ஓவர் த ரெயின்போ' என்னும் பாட்டை நோக்குக. முதற்சொல்லிலேயே குரல் கீழ்ச் சட்சத்திலிருந்து மேற் சட்சத்துக்குத் தாவுகின்றது. அதன்பின் முதற்பகுதி முழுதும் சங்கராபரணச் சுரங்களிலேயே இறங்கி வருகின்றது. சங்கராபரணமோ, இசையறிஞர் பலர் நம் முன்னோரின் அரும்பாலை எனக் கொள்வது.

வேறுபாடும் உண்டு, கேட்கத் தக்கதும் அதுவே. நம் கச்சேரியிலே தம்புரா ஓரிடத்தில் நிற்க, இராகம் அதன்மேல் உலாவும். அப்பாடல்களிலோ பியானோ எழுப்பும் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருத்தலின், நிலமே பெயர்வது போன்ற உணர்ச்சி உண்டாகின்றது. ஒரே சுரம் அடிக்கூட்டு மாறியவுடன் வேறு முகங் காட்டும். பன்னிரு சமபாகங்களாகச் சுரம் பகுத்த அக்கருவியிற் கமகம் பிறவாது. பாடுவோன் வளைக்க, பியானோ வளையாது நிற்கும். அவ்விரண்டின் இழுபறியிலேயே அப்பாட்டின் சுவை உள்ளது.

காதற்பாட்டு மாணவரைக் கெடுக்கும் என்பது மற்றொரு தடை. அகத்திணையைப் பாடமாக வைத்திருக்கும் நாம் இதனைக் கூறுதல் நகைப்புக்கிடமாகும். அவற்றுள் வெறும் பிதற்றலும் உண்டென்பதை ஒப்புகின்றோம், அவற்றை விட்டுவிடுக.

மரபு கெடும் என அஞ்சுவோர் முத்துசுவாமி தீட்சிதரை நினைவிற் கொள்வாராக. சென்னைக் கோட்டையிலே ஆங்கிலேயர் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார் அவர். 'நோட்டுச்சுரம்' எனப்படும் அவை ஏறத்தாழ 40. ஆங்கிலேய அரசவாழ்த்து மெட்டும் அவற்றுள் அடங்கும். எமது கல்லூரியின் அதிபராயிருந்த விபுலாநந்த அடிகளோ, விஞ்ஞானப் பட்டதாரி; 1947இல் வெளிவந்த 'யாழ்நூலில்' சுருதிகளைக் கணிதங்கொண்டு ஆராய்ந்தவர். அவருடைய கல்லூரி மாணவன் பியானோவின் பஞ்சமம் இயற்கைப் பஞ்சமத்திற் சிறிது குறைந்திருப்பதைச் செவியாற் கண்டு, காரணம் கேட்க வேண்டாமா? அவ்வினாவுக்கு இடமளிக்கவே இந்நிகழ்ச்சியை வேண்டுகின்றோம். மேனாட்டு உச்சரிப்பைப் போலி செய்து ஒலிவாங்கியைக் கடிக்கும் பாடகர் எமக்கும் உவப்பில்லை.

பியானோவைப் பற்றி ஒரு சொல். உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். ஈரம் மரத்தைப் பருக்கச் செய்யும். ஆகவே விலையுயர்ந்த கருவி வாங்கிப் பூட்டி வைப்பதினும், சுருதி கூட்டிய ஒன்றை அன்றைக்கு இரவல் பெறுதல் நன்று. அமெரிக்கப் பாடல்கள் ஐந்து போதும். அவற்றினிடையே தீட்சிதரின் நோட்டுச்சுரம் ஒன்றை அதே பியானோவுடன் அதே மாணவரே பாடட்டும். முன்வரிசையில் இசையாசிரியர்களை அமர்த்துக. பாட்டு முடிந்தபின் அரைமணி நேரம் கேள்விக்கு விடுக.